எட்டு அங்குல ஸ்பீக்கரும் உப்புக் காற்றும்

பேஸ் கிட்டார் வாங்கிய கையோடு வருகிற அடுத்த கேள்வி, எந்த ஆம்ப் வாங்குவது என்பது. கடைக்காரரும் சரி, கூட வாசிப்பவர்களும் சரி, அநேகமாக ஒரே பதிலைத்தான் வைத்திருப்பார்கள்: பேஸுக்குச் சின்ன ஆம்ப் உதவாது, 12 அங்குலமோ 15 அங்குலமோ ஸ்பீக்கர் வேண்டும், 100 வாட்டுக்குக் கீழே போனால் போட்ட காசு வீண். மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு என்று நீளும் கடற்கரை ஊர்களில் ஆடி மாதக் கோயில் கச்சேரிக்கும் ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனைக்கும் வாசிக்கிற ஒரு இளைஞருக்கு இந்தப் பதில் சில மாத வருமானத்தை அப்படியே விழுங்கிவிடும். என் வாதம் வேறு. இந்தக் கரையில் பேஸ் வாசிப்பவர் முதலில் வாங்க வேண்டியது 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரும் 20 முதல் 40 வாட் வரை திறனும் உள்ள, விலை குறைந்த ஆம்ப். தினப் பயிற்சிக்கும் அதுதான், மேடையில் பெரிய ஆம்ப் மக்கர் செய்தால் கைகொடுக்கும் மாற்றும் அதுதான். கையில் காசில்லாதவரைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனிதக் காதின் வேலை, மேடையில் ஒலி போகிற வழி, இங்கே காற்றில் கலந்திருக்கிற உப்பு ஆகிய மூன்றும் இந்தப் பக்கமே கை காட்டுகின்றன.

எதிர்த் தரப்பின் பலமான இடத்திலிருந்தே தொடங்குவோம். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியான ஈ, விநாடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், டி 73.4, ஜி 98. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். ஆகவே ஈ கம்பியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். இதை 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு காகிதக் கூம்பு எழுப்ப வேண்டும். ஸ்பீக்கர் தள்ளுகிற காற்றின் அளவுக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவு கொஞ்சம் ஈவிரக்கமற்றது. அதே அழுத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். 15 அங்குல ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு 8 அங்குலத்தினுடையதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. எனவே இரண்டு கூம்புகளும் ஒரே தூரம் முன்னும் பின்னும் அசைந்தால், 15 அங்குலம் 41 ஹெர்ட்ஸில் செய்கிற வேலையை 8 அங்குலம் 82 ஹெர்ட்ஸில்தான் செய்ய முடியும். கூம்பு மையத்திலிருந்து இருபுறமும் 3 மில்லிமீட்டர் அசைவதாக வைத்துக் கணக்குப் போட்டால், தரையில் வைத்த 8 அங்குல ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தொலைவில் 82 ஹெர்ட்ஸில் சுமார் 101 டெசிபல் தரும். 41 ஹெர்ட்ஸில் 89 டெசிபலோடு நின்றுவிடும்.

89 டெசிபல் என்பது காகிதத்தில் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் காது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழத் தொடங்குவதற்கே சுமார் 51 டெசிபல் தேவை. 40 ஹெர்ட்ஸில் 89 டெசிபல் என்பது, நடுத்தர அதிர்வெண்ணில் 50 டெசிபல் அளவே உரப்பாகக் கேட்கும். அது சாதாரணப் பேச்சைவிடத் தணிவு. போதாததற்குச் சின்னப் பெட்டியில் அடைத்த ஸ்பீக்கருக்கு ஓர் ஒத்ததிர்வு அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே, மூடிய பெட்டியானால் ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதமும், துளை வைத்த பெட்டியானால் 24 டெசிபல் வீதமும் ஒலி சரியும். ஆக, சின்ன ஆம்ப் ஈ கம்பியின் அடிச்சுரத்தைச் சரியாகத் தராது என்கிறவர்கள் சொல்வது உண்மை. அதிலிருந்து அந்த ஆம்ப் பேஸுக்கு ஆகாது என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் கோளாறு இருக்கிறது.

மீட்டிய கம்பி ஒற்றை அதிர்வெண்ணில் அதிர்வதில்லை. 41.2 உடன் 82.4, 123.6, 164.8 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. பல பேஸ் கிட்டார்களில் இரண்டாவதும் மூன்றாவதும் அடிச்சுரத்தைவிட வலுவாகவே ஒலிக்கும். அடிச்சுரத்தை முழுக்க வெட்டியெறிந்துவிட்டு மீதி மேற்சுரங்களை மட்டும் கொடுத்தாலும், காதும் மூளையும் சேர்ந்து அவற்றுக்குள் இருக்கும் பொது இடைவெளியான 41.2-ஐத்தான் சுருதியாக எடுத்துக்கொள்கின்றன. 1841-இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் சீபெக் சைரன்களை வைத்துச் செய்த சோதனைகளில் இது தலைகாட்டியது. அதற்குப் பின் நூறு ஆண்டுக்கு மேல் சண்டை. காதின் உள்ளே ஒலி சிதைவதால் அந்தத் தாழ்ந்த அதிர்வெண் நிஜமாகவே அங்கே உருவாகிறது என்றது ஒரு கட்சி. 1950-களில் ஆய்வாளர் ஜே.சி.ஆர். லிக்லைடர் அந்தத் தாழ்ந்த பகுதியை முழுக்க இரைச்சலால் மூடிப் பார்த்தார். அங்கே ஏதாவது உருவாகியிருந்தால் இரைச்சலில் அமுங்கியிருக்க வேண்டும். சுருதி அமுங்கவில்லை. மேற்சுரங்களின் ஒழுங்கிலிருந்து மூளை கட்டிக்கொள்வதுதான் அந்தச் சுருதி என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது. பழைய லேண்ட்லைன் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகக் கடத்தியதில்லை. ஆண் குரலின் அடிச்சுரமோ 100, 120 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. ஆனாலும் மாமா பேசினால் மாமா குரலாகவே கேட்டது. கீச்சுக் குரலாகக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது, யாரும் சோதனையாக நடத்தாத சோதனை. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு தொடங்கிய இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டாருக்கு அதுவரை இல்லாத தனி வழி கிடைத்தது. சுரத்தைத் தாங்குவதோடு நிற்காமல், பாட்டுக்கு எதிர்ப்பாட்டாக நடக்கிற பேஸ் அது. அவற்றில் பலவற்றுக்கு வாசித்தவர் சசிதரன். அந்த எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் பெரும்பான்மைத் தமிழர்கள் அந்தப் பாடல்களைக் கேட்டது எதில்? உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த டிரான்சிஸ்டரில், டீக்கடைப் பெட்டியில், பேருந்தின் கூரையில் திருகிய ஸ்பீக்கரில். அவற்றில் எதுவும் 41 ஹெர்ட்ஸையோ 55 ஹெர்ட்ஸையோ எழுப்பியிருக்க வழியில்லை; பலவற்றில் 100 ஹெர்ட்ஸே சந்தேகம். ஆனாலும் அந்த பேஸ் வரிகளை ஒரு தலைமுறை மனப்பாடமாக முணுமுணுத்தது, சரியான சுருதியில், சரியான ஸ்தாயியில் இருப்பதாகவே உணர்ந்து கேட்டது. பலர் அதைக் கேட்டே பேஸ் வாசிக்கக் கற்றார்கள். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது என்பது உண்மையானால் அந்தத் தலைமுறைக்கு இளையராஜாவின் பாதி இசை போய்ச் சேர்ந்திருக்கக் கூடாது.

கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு இது இன்னும் பக்கத்து விஷயம். 1 கட்டைச் சுருதியில் பாடுகிற ஆண் குரலுக்குத் தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். சி.வி. ராமன் 1921-இல் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்தபோது அவருடைய கவனத்தை இழுத்தது, வளைந்த பிரிட்ஜும் தம்புராவில் அதன்மேல் செருகிய நூலும் சேர்ந்து மேற்சுரங்களை எவ்வளவு செழிப்பாகக் கிளப்புகின்றன என்பதுதான். இன்று பாடகர்கள் எங்கும் கையோடு கொண்டுபோகிற எலக்ட்ரானிக் தம்புராப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது மிகச் சிறிய ஸ்பீக்கர். 65 ஹெர்ட்ஸை அது உருப்படியாக எழுப்புவதில்லை. அந்தப் பெட்டியோடு சுருதி சேர்த்துக்கொண்டு வித்வான்கள் தயங்காமல் பாடுகிறார்கள். சுருதி சுத்தத்துக்கு உயிரை விடுகிற கூட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்றை பேஸ் பயிற்சிக்கு மட்டும் தகாது என்று தள்ளுவது எனக்குப் புரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சுருதி கேட்கலாம், ஆனால் பேஸ் என்பது வயிற்றில் அதிர்வது, அது வராதே? வராது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். உடல் உணர்கிற அதிர்வுக்கு உண்மையான காற்றழுத்தம் வேண்டும், அதை மூளை கட்டித் தராது. ஆனால் பயிற்சியில் அந்த வயிற்றதிர்வால் என்ன லாபம் என்று கேட்டால், பெரும்பாலும் நஷ்டம்தான். விரல் கம்பியைத் தொடும் கணம், சுரம் எந்த இடத்தில் நிற்கிறது, அடுத்த கம்பி தேவையில்லாமல் முனகுகிறதா, வலது கையின் இரண்டு விரல்களும் ஒரே பலத்தில் மீட்டுகின்றனவா — இவையெல்லாம் 200 ஹெர்ட்ஸிலிருந்து இரண்டாயிரம் வரையுள்ள பகுதியில்தான் கேட்கும். சின்ன ஆம்ப் அந்தப் பகுதியைத்தான் பிட்டுப் பிட்டு வைக்கும். கீழே கனத்த முழக்கம் இருந்தால் தப்புகள் அதற்குள் மறைந்துகொள்ளும்.

அறையின் கணக்கும் இதே பக்கம்தான். இந்தப் பகுதியில் கட்டப்படுகிற கான்கிரீட் வீட்டின் ஓர் அறை 10 அடிக்கு 10 அடி என்று வையுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையலை உருவாகிற முதல் அதிர்வெண், ஒலியின் வேகத்தை இரண்டு அறை நீளத்தால் வகுத்தால் வருவது: சுமார் 57 ஹெர்ட்ஸ். ஏ கம்பியைத் திறந்து மீட்டினால் 55. முதல் ஃபிரெட்டில் 58. சதுர அறையானால் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே இடத்தில் ஒத்ததிரும். பெரிய ஆம்ப் வைத்து வாசித்தால் அந்த இரண்டு சுரங்கள் மட்டும் அறையைத் தூக்கும், ஈ கம்பியின் சுரங்கள் பல இடத்தில் காணாமல் போகும். வாசிப்பவர் தன் விரலில்தான் குறை என்று நினைத்து அழுத்தத்தை மாற்றி மாற்றிப் பழகுவார். பழகுவது அறையின் கோளாறை. அடிச்சுரத்தையே அதிகம் எழுப்பாத சின்ன ஸ்பீக்கர் அந்த நிலையலையைக் கிளப்புவதும் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் விஷயமும் உண்டு. சுவரைத் தாண்டுவதில் தாழ்ந்த அதிர்வெண்தான் கெட்டிக்காரன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. உப்பளத்துக்கு விடியலுக்கு முன்பே கிளம்புகிறவர்கள் உறங்குகிற தெருவில் விதி இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை.

இந்த ஆம்பைக் கையாளும் விதம் மட்டும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். முதல் தப்பு, பேஸ் போதவில்லை என்று பேஸ் குமிழை முழுக்கத் திருப்புவது. தாழ்ந்த பகுதியை 12 டெசிபல் ஏற்றினால் அங்கே 16 மடங்கு மின்திறனும் நான்கு மடங்கு கூம்பசைவும் தேவைப்படும். ஆம்பிடம் அது இல்லை. அருகே குனிந்து பார்த்தால், ஈ கம்பியை ஓங்கி மீட்டும்போது கூம்பு கண்ணுக்குத் தெரிய வெளியே தள்ளி வருவதும், கூம்பை அசைக்கிற கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) பின்தகட்டில் முட்டி ‘டப்’ என்று அடிப்பதும் தெரியும். ஸ்பீக்கர் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். குமிழை நடுவிலோ அதற்கும் சற்றுக் கீழோ வைத்து, மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் 82-உம் 124-உம் 165-உம் தெளிவாக வரும். மூளை மீதியைப் பார்த்துக்கொள்ளும். மீட்டுகிற இடமும் முக்கியம். பிரிட்ஜை நோக்கி நகர நகர மேற்சுரங்கள் பெருகும். கழுத்துப் பக்கம் போனால் அடிச்சுரம் ஓங்கும். சின்ன ஸ்பீக்கரில் பழகுகிறவர் தன்னையறியாமல் பிரிட்ஜ் பக்கம் நகர்வார், இதைக் கண்காணித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆம்பின் மேல் வைக்கத்தக்க உண்மையான குற்றச்சாட்டு என்று நான் நினைப்பது இது ஒன்றைத்தான்.

இனி மேடை. வாட் கணக்கில் மயங்குவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: மின்திறனை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்; காதுக்கு இருமடங்கு உரப்பாகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். 25 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால், ஸ்பீக்கர் ஒன்றே என்றால், கிடைப்பது 6 டெசிபல். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஆம்பிலிருந்து ஒரு மீட்டரில் 100 டெசிபல் இருந்தால் 30 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 70 டெசிபல்தான். 100 வாட் வைத்தாலும் அவருக்கு 76. அலையோசையும் ஜெனரேட்டர் இரைச்சலும் கூட்டத்தின் பேச்சும் இருக்கிற இடத்தில் இரண்டுமே பற்றாது. ஆகவே எந்த ஆம்ப் வைத்திருந்தாலும் கூட்டத்துக்குப் போய்ச் சேர்கிற பேஸ், மைக் செட்காரரின் மிக்சர் வழியாக அவருடைய 18 அங்குலப் பெட்டிகளிலிருந்துதான் வரப்போகிறது. கிட்டாரிலிருந்து ஒரு டி.ஐ. பாக்ஸ் வழியாக மிக்சருக்கு நேரே ஒரு வயர் போகிறது. கிட்டாரின் பிக்கப் தருகிற பலவீனமான சிக்னலை நீளமான கேபிளில் தேயாமலும் இரைச்சல் ஏறாமலும் கொண்டுபோவதற்கான சின்னப் பெட்டி அது. டெட்ராய்ட் மோடவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960-களில் வாசித்த, உலகமே கேட்ட பேஸ், பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேரே ரெக்கார்டிங் மேசைக்குப் போனதுதான். மேடையில் ஆம்புக்கு மிஞ்சும் வேலை, வாசிப்பவருக்கும் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கும் கேட்க வைப்பது. ஒன்றரை மீட்டர் தூரத்தில், காதை நோக்கிச் சாய்த்து நாற்காலியில் ஏற்றிவைத்த 8 அங்குலத்துக்கு அது எட்டாத வேலை இல்லை. 1960-இல் வந்து ஸ்டுடியோ உலகையே ஆண்ட ஆம்பெக் பி-15 பேஸ் ஆம்ப் கூட 25 வாட்தான். அதில் இருந்தது 15 அங்குல ஸ்பீக்கர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாட் எண் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மரக்காணத்துக்கென்று தனியாக இருப்பது உப்பு. பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இந்த இடத்தில், கழுவேலிச் சதுப்பு ஏரியின் முகத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாத்திகள். மழை ஓய்ந்த தை மாசி முதல் அடுத்த மழை வரும்வரை உப்பு விளைகிற மாதங்களும், பங்குனியிலிருந்து ஆடி வரை திருவிழா நடக்கிற மாதங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. காற்றிலுள்ள உப்பில் பெரும்பங்கு அலை உடையும்போது தெறிக்கிற நுண்துளிகளிலிருந்து வருகிறது. கரையிலிருந்து உள்ளே போகப் போக சில நூறு மீட்டரிலேயே அது வேகமாகக் குறையும். காரைக்குடியிலுள்ள மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் விட்டு அரிப்பை அளப்பதற்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் இந்தப் பிரச்சினையின் அளவு விளங்கும். ஆனால் ஆம்புக்கு எமன் உப்பு மட்டும் இல்லை, உப்பு ஈரமாவது. சமையலுப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் நிற்கும் கசப்புத் தண்ணீரில் நிறைந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். கடலுப்பில் இரண்டும் உண்டு. இரவில் ஈரப்பதம் 80-ஐத் தொடுவது சாதாரணமான இந்தக் கரையில், ஆம்பின் உள்ளே படிந்த உப்புத் தூசி இரவெல்லாம் மின்கடத்தும் கரைசலாகவும் நண்பகலில் அரைகுறையாகக் காய்ந்த படலமாகவும் மாறி மாறி இருக்கும். செம்பு பச்சை பிடிக்கும். குமிழைத் திருப்பினால் கரகரக்கும். சர்க்யூட் பலகையில் போகக் கூடாத வழியில் சிறு மின்னோட்டம் கசியும்.

இங்கேதான் சின்ன ஆம்புக்கு எதிர்பாராத ஒரு சாதகம் கிடைக்கிறது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி அதே அளவுதான் என்றாலும், ஈரப்பதம் 60 சதவீதமாக இறங்கிவிடும். 75 என்ற கோட்டுக்கு இது நன்றாகவே கீழே. ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பின் உள்ளே 5 டிகிரி கூடுவது ஒன்றும் பெரிதில்லை. ஆக, தினமும் இரண்டு மணி நேரம் வாசிக்கப்படுகிற ஆம்ப், அந்த நேரத்தில் தன் உள்ளே இருக்கிற சோடியம் உப்பைத் தானே உலர்த்திக்கொள்கிறது. மக்னீசியம் உப்பு உலராது, அதனால் அரிப்பு முழுக்க நிற்காது, குறையும். குமிழ்களும் ஜாக்குகளும் தினமும் அசைவதால் அவற்றின் உரசல் பரப்பும் துடைத்துவிட்டது போலச் சுத்தமாகிறது. விழாவுக்கு விழா மட்டும் வெளியே எடுக்கப்பட்டு, மற்ற நாளெல்லாம் உறை போட்டு மூலையில் நிற்கிற 100 வாட் பெட்டிக்கு இந்த வாய்ப்பில்லை. நனைந்த காற்றை உறை உள்ளேயே பிடித்துவைக்கும்.

மாற்று ஆம்ப் என்ற யோசனையின் உயிர்நாடியும் இதுதான். பெரிய ஆம்ப் ஒரு கச்சேரியில் கைவிட இருபதில் ஒரு வாய்ப்பு, மாற்று கைவிடவும் இருபதில் ஒன்று என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து கைவிட நானூறில் ஒரு வாய்ப்பு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் கெட்டுப்போனால் மட்டுமே அது செல்லும். ஒரே மூலையில், ஒரே உப்பில், ஒரே மாதிரி ஓய்வில் கிடந்த இரண்டு பெட்டிகள் ஒரே காரணத்தால் ஒன்றாகவே படுத்துவிடும். மாற்று என்பது வேறு விதமாக வாழ்ந்த பெட்டியாக இருக்க வேண்டும். நேற்று இரவு வாசித்தது, இன்று காலை வாசித்தது என்று நிலை தெரிந்த பெட்டியாகவும் இருக்க வேண்டும். பயிற்சி ஆம்பைத் தவிர வேறெது அப்படி இருக்கும்? அதன் ஹெட்போன் ஜாக்கைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. ஹெட்போன் செருகாதபோது ஸ்பீக்கருக்குப் போகிற ஒலி, பல ஆம்புகளில் அந்த ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தகட்டு நாக்கின் வழியாகத்தான் போகிறது. அந்த நாக்கில் அரிப்புப் படலம் ஏறினால் ஒலி மங்கி, விட்டுவிட்டு வந்து, ஒருநாள் நின்றுவிடும். ஸ்பீக்கர் போச்சு என்று கழற்றிப் போடுவதற்கு முன் ஹெட்போன் பின்னை நாலைந்து தடவை செருகி உருவிப் பார்த்தால் பல சமயம் உயிர் வந்துவிடும்.

மலிவுச் சரக்கு சீக்கிரம் உடையும், அதை நம்பி மேடை ஏறுவதா என்று கேட்பார்கள். ஜாக்கு நேரே சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப்பட்டிருப்பதால் கேபிளை மிதித்தால் விரிசல் விடும், குமிழ்கள் மட்டரகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் பழுது பார்ப்பதில் மலிவுக்கே கை ஓங்கியிருக்கிறது. பழைய பாணிச் சின்ன ஆம்புகள் பலவற்றில் திறன் தருவது டிடிஏ 2030, 2050 போன்ற ஒற்றை ஐ.சி. சென்னை ரிச்சி தெருவில் சில்லறை விலைக்குக் கிடைக்கும். திண்டிவனத்து ரேடியோ மெக்கானிக் அரை மணியில் மாற்றிவிடுவார். எடை குறைந்த புதுப் பெரிய ஆம்புகளின் கிளாஸ்-டி பலகை அரித்துவிட்டால் பெரும்பாலும் பலகையையே மாற்றச் சொல்வார்கள். ஹெட்போனும் செல்பேசிச் செயலியும் இருக்க ஆம்ப் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. தனியாகப் பயில அது போதும், மாற்றாக அது நிற்காது. பாடுகிறவரும் ஆக்டாபேட் வாசிக்கிறவரும் கேட்கும்படி காற்றில் ஒலி வேண்டும்.

மேடையில் கவனிக்க வேண்டிய ஆபத்தும் ஒன்று உண்டு. ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னாகச் செருகுகிற பழக்கம் விழா மேடைகளில் சகஜம். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று, ஒரு கையில் கிட்டார் கம்பியையும் உதட்டில் மைக்கையும் தொடுகிற மனிதருக்கு அந்த எர்த்தான் முக்கியமான காப்பு. உப்பு படிந்த பழைய பெட்டியில் கசிவு மின்சாரம் கற்பனை இல்லை. ‘ஹம்’ இரைச்சல் வந்தால் டி.ஐ. பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுவது வழி; பின்னை உடைப்பது வழியில்லை.

என் வாதம் செல்லாத இடங்களையும் சொல்லிவிடுவது நியாயம். ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ். அதன் அடிச்சுரம் மட்டுமில்லாமல் 61.8-இல் உள்ள இரண்டாவதும் 8 அங்குலத்தில் நலிந்துபோகும். மூளைக்குக் கிடைக்கிற தடயம் குறையக் குறைய அது கட்டுகிற சுருதியும் மெலியும். அப்படிப்பட்டவர் 10 அங்குலத்துக்குக் குறைந்து போகக் கூடாது. மைக் செட்டே இல்லாத சிறு கூட்டத்தில் முழு டிரம்ஸோடோ பம்பை உடுக்கையோடோ வாசிக்க வேண்டியவருக்கும் இந்தப் பெட்டி எட்டாது. அங்கே 15 அங்குலக்காரர் சொல்வதுதான் சரி. மற்றவர்கள் கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரை எடுத்துப் போய், பேஸ் குமிழை நடுவில் நிறுத்தி, ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றி, ஈ கம்பியைத் திறந்து மீட்டிக் கூம்பு முட்டுகிறதா என்று பார்க்கலாம். ஹெட்போன் ஜாக்கைச் செருகி உருவிப் பார்க்கலாம். பின்பக்கத் தகட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். விழா ஜெனரேட்டரில் சீரியல் விளக்குகள் ஒருசேர எரியும்போது மின்னழுத்தம் எங்கே விழும் என்று மைக் செட்காரருக்கே தெரியாது.